தைத்த விசிறி

பரதநாட்டியம் என்றதும் நம் மனத்தில் எழுவது, அரைமண்டியில் அமர்கையில் முழங்கால்களுக்கிடையே விரியும் பட்டு விசிறி. கோயில் சிற்பங்களின் காலந்தொட்டு அது அப்படியே வந்ததென நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்தத் தைத்த உடைக்கு நூறு வயது கூட நிறையவில்லை.

19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் சதிராடிய தேவதாசிப் பெண்களைக் காண்கிறோம். பட்டுக் காற்சட்டையின் மேல் சரிகைச் சேலையைச் சுற்றி, கொசுவத்தை முன்புறம் விசிறியாக விட்டு, ஒட்டியாணத்தால் இறுக்கியிருக்கிறார்கள். ஆடுபவளே தன் உடையை ஒவ்வொரு முறையும் கட்டி உருவாக்கினாள்.

1935-இல் அடையாற்றில், பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி அருண்டேல் ஆடினார். சிற்பங்களை முன்மாதிரியாகக் கொண்டு, இத்தாலியத் தையற்பெண்மணி ஒருவரின் துணையோடு அவர் புதிய உடையை வகுத்தார். அணிவதற்கு எளிது, அசைவுக்கு இசைவானது, அழகிலும் குறையில்லை. ஆயினும் மேடைக்கு வந்தது புதுத் துணி மட்டுமன்று, புதிய வகுப்பாரும்தான். பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது. அச்சட்டம் வேண்டியதே. ஆனால் அதற்குள் அப்பெண்களில் பெரும்பாலோரின் கையைவிட்டு ஆட்டமும் நழுவியிருந்தது. அம்மரபில் வந்த தி. பாலசரஸ்வதி (1918–1984) சேலையைச் சுற்றிக் கட்டியே மேடையேறினார்.

தைத்த உடையை ஈராயிரம் ஆண்டு மரபென்று நாம் புகழும் ஒவ்வொரு முறையும், சேலை கட்டி ஆடிய அப்பெண்களை வரலாற்றிலிருந்து வெட்டிவிடுகிறோம்.