தவளைக் கண்ணும் சவர்க்காரமும்



பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. மங்குகளிலிருந்து சேர்த்த பாலில் ஆசிட்டைக் கலந்ததும் அது திரண்டு கட்டியாகிவிடும். பிறகு எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் அது மறுபடி பாலாவதில்லை. இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இன்று நீர்த்தேக்கம் இருக்கும் நம் கிராஞ்சிப் பக்கத்தில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. பிரேசில் விதையில் முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1877இல். அதே காலத்தில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வில்ஹெல்ம் கூனே என்ற பேராசிரியர் தவளைக் கண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தவளையின் விழித்திரையில் ஒரு செந்நிறம் உண்டு. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். இதை 1876இல் பிரான்ஸ் போல் என்பவர் கண்டு சொன்னார். அந்த நிறப்பொருளைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும் என்பது கூனேயின் ஆசை. மங்கிய மஞ்சள் விளக்கொளியில் உட்கார்ந்து முயன்றார். வெறும் தண்ணீரில் அது கரையவில்லை. கடைசியில் கைகொடுத்தது பித்தநீர் உப்பு! நாம் தின்ற எண்ணெயைக் குடலில் கரைக்க உதவுகிறதே, அதே பித்தம்தான்.

தண்ணீர் செய்யாததைப் பித்தம் எப்படிச் செய்தது? நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தன்மை கொண்ட மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதற்குள் சில புரதங்கள் பொதிந்திருக்கின்றன. கண்ணின் செந்நிறப் பொருளான ரொடாப்சின் அவற்றில் ஒன்று. எண்ணெயோடு உறவாடிய புரதத்தைத் தண்ணீருக்குள் இழுத்தால், ஆசிட் பட்ட ரப்பர் பாலைப்போல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சவர்க்காரத் துணுக்கின் வால் எண்ணெயை நாடும், தலை நீரை நாடும். வால்கள் புரதத்தின் இடுப்பைச் சுற்றி வேட்டிபோல் கட்டிக்கொள்ள, தலைகள் வெளியே நீரைப் பார்த்து நிற்கும். புரதம் கட்டியாகாமல் நீரில் மிதக்கும்.

அப்படியானால் எந்தச் சவர்க்காரமும் போதுமா? வகுப்பில் ஒரு சிறுமி என்னிடம் இப்படித்தான் கேட்டாள்: "துணி துவைக்கிற தூளைப் போட்டால் என்ன சார்?" நல்ல கேள்வி. ஷாம்பூவில் சேர்க்கும் சோடியம் டோடெசில் சல்பேட் மிகக் கடுமையானது. அழுக்கை விடாததுபோலவே புரதத்தையும் விடாது. அதன் மடிப்புகளையெல்லாம் பிரித்துக் குலைத்துவிடும். வடிவம் போனால் வேலையும் போயிற்று. ஆகவே பித்த உப்பு, செடியிலிருந்து எடுக்கும் டிஜிடோனின், சர்க்கரைத் தலை கொண்ட டோடெசில் மால்டோசைடு போன்ற மென்மையானவற்றைத் தேடுகிறார்கள். அளவும் முக்கியம். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் சவர்க்காரத் துணுக்குகள் கூட்டுச் சேரும். பிரித்தெடுத்த புரதத்தை மேலும் தூய்மையாக்கக் கழுவும் ஒவ்வொரு நீரிலும் அது இருக்க வேண்டும். ஒரு கழுவலில் மறந்தாலும் பழையபடி கட்டிதான்.

கடுஞ்சவர்க்காரத்தில் குலைந்துபோன புரதம் திரும்ப உருப்பெறுமா? இதை ஆராய்ந்தவர்களில் முன்னணியில் நின்றவர் நம் இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1922இல் பஞ்சாபின் ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஊரில் நூறு பேர் இருந்தால் அதிகம். தந்தை கிராமக் கணக்கர். பையன் முதலில் படித்தது ஒரு மரத்தடியில். கொட்டகைப் பள்ளியில் படித்த நம் பெரியவர்களுக்கு இது புதிதாக இராது. உயிரணு புரதங்களை உண்டாக்கும் மரபுக் குறியீட்டை விளக்கியதற்காக 1968இல் இருவரோடு சேர்ந்து நோபெல் பரிசு பெற்றார். அத்தோடு ஓய்ந்துவிடாமல் சவ்வுப் புரதங்களுக்குத் திரும்பினார். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்.

உப்பளங்களில் உப்பு முற்றும்போது நீர் இளஞ்சிவப்பாவதைத் தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்தார் பார்த்திருப்பார்கள். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களால் வரும் நிறம் அது. அவ்வகை நுண்ணுயிர் ஒன்றின் சவ்வில், நம் கண்ணிலுள்ளதைப் போன்ற ஊதா நிறப் புரதம் இருப்பதை 1971இல் கண்டறிந்தார்கள். கொரானாவின் குழுவினர் அந்தப் புரதத்தின் மடிப்புகளை முற்றாகக் குலைத்தார்கள். நிறம் போயிற்று. பிறகு பித்த உப்பையும் சவ்வுக் கொழுப்பையும், வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலையும் சேர்த்தார்கள். முருங்கைக்கீரை தின்றால் கண்ணுக்கு நல்லது என்கிறோமே, அதற்குக் காரணமான சரக்கு இந்த வகைதான். ஊதா நிறம் திரும்பி வந்தது! நிறம் மட்டுமா? ஒளி பட்டதும் ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளும் தன் பழைய வேலையையும் அது செய்தது. இதை 1981இல் வெளியிட்டார்கள். ரப்பர் கட்டி மறுபடி பாலானதற்கு ஒப்பான செய்தி அல்லவா இது?

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். இரத்த அழுத்தத்துக்கும் இளைப்புக்கும் ஆஸ்பத்திரியில் தரும் மருந்துகளில் பல, சவ்வுப் புரதங்களின்மீதுதான் வேலை செய்கின்றன. அவற்றின் வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் முதலில் சவ்விலிருந்து குலையாமல் வெளியே எடுக்க வேண்டும். கூனே பித்தத்தில் கரைத்த அந்தச் செந்நிறப் பொருளின் முழு வடிவம், மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த ரொடாப்சின் வழியாக, 2000இல்தான் தெரியவந்தது. கொரானா 2011 நவம்பரில் காலமானார்.