ஆங்கில நாவில் பாராமகால்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார ஊர்ப்பெயர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார ஊர்ப்பெயர்கள் ஆங்கிலேயரின் ஏடுகளில் பெருமளவில் ஏறியது மூன்றாம் மைசூர்ப் போரின்போது. 1791-இல் காரன்வாலிஸின் படை ஓசூரையும் இராயக்கோட்டையையும் பிடித்தது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் அதை நிர்வகித்தனர். முன்பே பிடிபட்டிருந்தும் ஓசூர் 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகே கம்பெனி ஆட்சியில் சேர்ந்தது.

அக்காலக் குறிப்புகளில் கிருஷ்ணகிரி 'கிஸ்ட்னகெரி', ஓசூர் 'ஊசூர்', அண்டையிலுள்ள ஹொசகோட்டை 'ஊஸ்கோட்டா'. 1792-இல் இவ்வழியே வந்த ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வீரபத்திரதுர்க்கத்தை 'வெரபத்ரூக்' என்று அச்சிட்டார்கள்.

இவையெல்லாம் நாக்குப் புரளாத வெள்ளையரின் உளறல் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. கிருஷ்ணனைக் 'கிஷ்டன்' என்றும் 'கிட்ணன்' என்றும் அழைப்பது நம் பேச்சு வழக்குதான். கிருஷ்ணா நதியும் அவர்கள் ஏட்டில் 'கிஸ்ட்னா'வே. கன்னடர் 'ஹொசூரு' என்பதில் உள்ள ஹகரம் தமிழர் வாயில் நிற்பதில்லை. 'ஊசூர்' என்ற எழுத்திலும் அது இல்லை. துபாஷியும் வழிகாட்டியும் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். துர்க்கம் 'த்ரூக்' ஆனதில் மட்டும் அவர்கள் நாவின் பங்கு கூடுதல் எனலாம்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் வில்சன் ஹண்டரின் ஒலிபெயர்ப்பு முறையை அரசு ஏற்றது. ஊருக்கு ஊர் மாறிய எழுத்துகள் பெரிதும் சீரடைந்தன. ஆனால் வழக்கத்தில் அம்முறையின் ஒலிக்குறிகளான புள்ளியும் கோடும் உதிர்ந்துபோக, குறிலும் நெடிலும் ஒன்றாயின. கெலமங்கலமா, கேலமங்கலமா என்று ஆங்கிலப் பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. தளியின் ளகரத்துக்கு அதில் இரண்டு 'எல்'. புதியவர் 'தல்லி' என்றே படிப்பார். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் வேலைக்காகக் குடியேறிய வெளிமாநிலத்தார் பலர், ஊர்ப்பெயரை ஊராரிடம் கேட்பதற்கு முன் அந்தப் பலகையில்தான் படித்தார்கள். ஆங்கிலேயர் போனபின்பும் ஆங்கில உச்சரிப்பு நீடிப்பது இந்த வழியில்தான்.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றி எதிர்ப்பு எழவே அதே மாதம் திரும்பப் பெற்றது. மீண்டும் முயல்வதானால், முதலில் அந்தந்த ஊரார் பெயரைச் சொல்வதைப் பதிவுசெய்ய வேண்டும். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் புழங்கும் இந்த எல்லையில் மூன்று மொழியாரிடமும் கேட்க வேண்டும்.