குடை கொடுத்த கம்பெனி

வ.உ.சி. கப்பல் விட்டார், செக்கிழுத்தார். பாடப்புத்தகம் இவ்வளவோடு முடித்துக்கொள்கிறது. நடுவில் நடந்தது ஒரு வியாபாரச் சண்டை. அதன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடி - கொழும்பு கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் போட்டார். பம்பாய் ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி மிரட்டியது, ஷாலைன் பின்வாங்கியது. கொழும்பில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார்கள். 1907இல் காலியா, லாவோ என்று சொந்தக் கப்பல்களே வந்தன.

ஜனங்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். எதிராளி கட்டணத்தைக் குறைத்தான். அப்புறம் சும்மாவே ஏற்றிக்கிட்டுப் போனான், குடை வேறு இனாம். எப்படிக் கட்டுபடியானது? அவன் கப்பல்கள் பர்மா, பாரசீக வளைகுடா வரை ஓடின. இங்கே விட்டதை அங்கே பிடிக்கலாம். சுதேசிக்கு அப்படி வேறு வழி கிடையாது. இங்கே நஷ்டம் என்றால் கைமுதல் போச்சு.

தூத்துக்குடியில் அந்தக் கம்பெனியின் ஏஜெண்டு ஹார்வி. கோரல் மில்லும் ஹார்வியுடையதே. 1908 பிப்ரவரிக் கடைசியில் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. கூட நின்றார். கூலி உயர்ந்தது. மார்ச் 12இல் அவர் கைதானார், ஜூலையில் தண்டனை. விலையில் போட்டி போடலாம். சர்க்காரே போட்டியாளன் பக்கம் நின்றால்? 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

யாரும் அதிகம் பேசாத இன்னொரு எல்லையும் உண்டு. அந்தக் கடலைக் கடந்த பெருங்கூட்டம் தேயிலைத் தோட்டக் கூலிகள். அதில் கணிசமானவர்கள் நம் சேரி ஜனங்கள். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவான், வழிச்செலவெல்லாம் கடனில் ஏறும். எந்தக் கப்பல் என்று அவர்களை யார் கேட்டது? பயணி மனசு வைத்தால் புதுக் கம்பெனி பிழைக்கும், சரிதான். மனசு வைக்கவே உரிமை இல்லாதவன் என்ன செய்வான்?

இன்றைக்குத் தொழில் தொடங்கப் போகும் நம் பிள்ளைகளிடம் நல்ல யோசனை போதும் என்கிறார்கள். யோசனையும் துணிச்சலும் வ.உ.சி.யிடம் நிறையவே இருந்தன. நஷ்டத்தை எத்தனை நாள் தாங்க முடியும், சர்க்கார் யார் பக்கம், வாங்குகிறவன் கையில் காசும் சுதந்திரமும் இருக்கிறதா? இந்த மூன்றையும் அவர்கள் முதலில் கேட்கட்டும். இனாம் குடைக்கும் யாரோ ஒருவன் விலை கொடுக்கிறான்.