தி.நகர்: ஏரி வீட்டுமனையாகி, வீட்டுமனை கடைவீதியான கதை

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் இடிபடும் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இன்றைய தி.நகரின் பெரும்பகுதி நூறு வருடங்களுக்கு முன்னால் தண்ணீருக்கு அடியில் இருந்தது. மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. ஏரி வீட்டுமனை ஆனது, வீட்டுமனை கடைவீதி ஆனது. ஒரு நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று யார் முடிவு செய்வது? இந்தக் கேள்விக்கு தி.நகரை விட நல்ல உதாரணம் சென்னையில் கிடையாது.

இந்தியாவில் நகரமைப்புக்கு என்று தனிச் சட்டம் முதலில் பம்பாய் மாகாணத்தில் 1915-ல் வந்தது. சென்னை மாகாணம் 1920-ல் தன் நகரமைப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அந்த வருடக் கடைசியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. ஜார்ஜ் டவுனும் மயிலாப்பூரும் நெருக்கடியால் திணறிக் கொண்டிருந்தன. ஏரியை வடித்து, தூர்த்து, அகலமான சாலைகளும் நடுவில் பூங்காவுமாக ஒரு குடியிருப்பு அமைக்கலாம் என்று 1920களில் வேலை ஆரம்பித்தது. புதிய ஊருக்கு சர் பிட்டி தியாகராயர் பெயர். பூங்காவுக்கு அன்றைய முதல் மந்திரி பனகல் ராஜா பெயர். பெரிய சாலை ஒன்றுக்கு முகமது உஸ்மான் பெயர். ஒரு நகர்ப் பகுதியின் பெயர்ப்பலகைகளிலேயே ஒரு கட்சியின் வரலாறு எழுதப்பட்டது!

திட்டம் போட்டவர்கள் மனதில் இருந்தது வீடுகள்தான். தோட்டம் வைத்த வீடு, சுற்றிலும் காலியிடம், அமைதியான தெரு. ஆனால் 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குபவர்கள் உஸ்மான் சாலைக்குப் போக சின்னத் தெருக்களின் வழியே நடந்தார்கள். அதில் முக்கியமானது ரங்கநாதன் தெரு. தினமும் ஆயிரக்கணக்கானோர் நடந்து போகும் வழியில் வீட்டை வைத்திருப்பவருக்கு ஒரு நாள் தோன்றத்தானே செய்யும், முன் அறையைக் கடைக்கு வாடகைக்கு விட்டால் என்ன என்று? பாத்திரக்கடை வந்தது, ஜவுளி வந்தது, நகை வந்தது. வீட்டுக்குப் போட்ட தெரு கடைக்குப் போதவில்லை. ஆனால் தெரு மட்டும் அகலமாகவே இல்லை.

இதற்கிடையில் சட்டமும் மாறியது. 1920 சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 வந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது இன்று எல்லோரும் சி.எம்.டி.ஏ. என்று சொல்வது, 1974-ல் சட்டபூர்வமான அமைப்பானது. (அப்போது அதன் பெயர் எம்.எம்.டி.ஏ.) 1975-ல் முதல் மாஸ்டர் பிளான் அமலுக்கு வந்தது. நகரத்தின் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு வண்ணம் கிடைத்தது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், மூன்று வகைத் தொழிற்சாலைப் பகுதி, திறந்தவெளி, விவசாயம், நகர்ப்புறம் சாராதது என்று பத்து வகை. இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் வந்தது. கட்டிட விதிகள் 2019-ல் தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன.

நிலம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். பட்டா என்பது வருவாய்த்துறை தரும் ஆவணம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அது சொல்லும். வில்லங்கச் சான்று, அந்த நிலத்தின் மீது என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று சொல்லும். இந்த இரண்டுமே அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லாது! அதைச் சொல்வது மாஸ்டர் பிளான். பத்திரம் சுத்தமாக இருந்தும், குடியிருப்பு மண்டலத்தில் பட்டறை போட்டால் அது விதிமீறல்தான்.

இரண்டாவது விஷயம் எவ்வளவு கட்டலாம் என்பது. இதற்கு எஃப்.எஸ்.ஐ. என்று ஒரு கணக்கு. எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் வருவது. ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 1.5 என்றிருந்த காலத்தில் அதில் 3,600 சதுர அடி கட்டலாம். 2019 விதிகளில் சாதாரணக் கட்டிடங்களுக்கு அது 2 ஆனது. அதே மனையில் இப்போது 4,800 சதுர அடி. ஒரு செங்கல் கூட வைக்காமல் நிலத்தின் மதிப்பு ஏறுவது இப்படித்தான். இதோடு பக்கவாட்டில் விட வேண்டிய இடம், சாலையின் அகலம், வாகனம் நிறுத்தும் இடம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தி.நகரில் இந்த மூன்றாவது வகை விதிகள்தான் காற்றில் பறந்தன. இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி நான்கு கட்டுவது, பார்க்கிங் என்று காட்டிய தரைத்தளத்தைக் கடையாக்குவது, பக்கத்துச் சுவர் வரை ஒட்டிக் கட்டுவது. சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் இடிக்கவும் அதிகாரம் இருந்தது. ஆனால் அதே சட்டத்தின் 113-ம் பிரிவில் அரசு யாருக்கு வேண்டுமானாலும் விலக்கு தரலாம் என்றும் இருந்தது. 1980களின் கடைசியில் அப்படி வழங்கப்பட்ட விலக்குகளை எதிர்த்து கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் வழக்குப் போட்டது. 2000-ல் உச்ச நீதிமன்றம் 62 அரசாணைகளை ரத்து செய்தது. அதற்குள் 1998-ல் 113-ஏ என்ற புதுப் பிரிவு வந்திருந்தது. 1999 பிப்ரவரி 28-க்குள் கட்டி முடித்த விதிமீறல்களுக்குப் பணம் கட்டி வரன்முறை செய்து கொள்ளலாம். ஒரே ஒரு தடவை என்ற அடிப்படையில்தான் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் தேதி மறுபடி மறுபடி நீட்டப்பட்டது. அந்த நீட்டிப்புகளை 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

2011 அக்டோபர் 31 காலையில் அதிகாரிகள் தி.நகருக்கு வந்து பெரிய கடைகளுக்குப் பூட்டுப் போட்டு சீல் வைத்தார்கள். உரிமையாளர்கள் கோபப்பட்டார்கள், ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை என்ன ஆகுமோ என்று நின்றார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. தற்காலிகம் நீண்டு கொண்டே போனது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்தது. தீயை முழுதாக அணைக்க ஒரு நாளுக்கு மேல் ஆனது. கட்டிடம் பிறகு இடிக்கப்பட்டது. கட்டிடத்தைச் சுற்றி இடம் விட வேண்டும் என்ற விதி ஏதோ அலங்காரத்துக்கு எழுதியது இல்லை. தீயணைப்பு வண்டி நுழைவதற்காக எழுதியது.

அப்படியானால் தப்பெல்லாம் உரிமையாளர்கள் மேல்தானா? இல்லை. மாஸ்டர் பிளான் மண்டலத்தை மாற்றிக் கொடுக்கும் வேகம் ஊர் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. நேர்மையாக அனுமதி கேட்டவர் மாதக்கணக்கில் அலைந்தார், கேட்காமல் கட்டியவர் வாடகை வாங்கிக் கொண்டிருந்தார். ஒவ்வொரு வரன்முறைத் திட்டமும் விதியை மதித்தவரைப் பார்த்து "நீ ஏமாளி" என்று சொல்வது போல ஆனது. புறநகரில் நடந்ததும் இதுவே. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள்தான் மாட்டிக் கொண்டன. லே-அவுட் போட்டு விற்றவர்கள் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். 2017-ல் அதற்கும் ஒரு வரன்முறைத் திட்டம் வந்தது.

சட்டம் உரிமையாளருக்கும் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. மண்டலம் பொருந்தவில்லை என்றால் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அக்கம்பக்கத்தவர் ஆட்சேபணை சொல்லவும் வாய்ப்பு உண்டு. சாலைக்கோ பூங்காவுக்கோ என்று விரிவான வளர்ச்சித் திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை அரசு மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தாவிட்டால், 38-ம் பிரிவின்படி அந்த ஒதுக்கீடு விலகும். புது மாஸ்டர் பிளானின் வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். ஆனால் தன் சர்வே நம்பர் என்ன வண்ணத்தில் இருக்கிறது என்று அந்த வரைபடத்தைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? சி.எம்.டி.ஏ. எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்க 2022-ல் உத்தரவு வந்தது. நேற்று வரை கிராமமாக இருந்த பல ஊர்களுக்கும் இனி இந்தக் கேள்வி உண்டு.

கடைசியாக, நிலத்துக்கும் ஒரு ஞாபகம் இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஏரியின் நீலம் போய், வீட்டின் நிறம் வந்து, கடையின் நிறமும் வந்துவிட்டது. மழைக்கு அது எதுவும் தெரியாது. விதி எழுதுபவர்களும் வீடு கட்டுபவர்களும் சேர்ந்தே ஞாபகம் வைத்திருக்க வேண்டியது இதைத்தான்.