நான்கு தடங்களும் ஒரு கசெற்றும்

சென்ற மாதம் சாம்பல்தீவிலிருந்து நண்பர் ஒருவரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். நான்கு இளைஞர்கள் சேர்ந்து இசைக்குழு ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். ஒரு கிற்றார், ஒரு டோலக், பாடுவதற்கு இருவர். "மாமா, விலை குறைவா, கையில கொண்டு திரியக்கூடிய பல்தட ஒலிப்பதிவுக் கருவி எது வாங்கலாம்?" என்று கேட்டான். ஸ்வரம் எதுவும் அறியாத பத்திரிகைக்காரனிடம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் மேசை லாச்சியில் கிடக்கும் ஒரு கசெற்றைப் பற்றி அவனுடைய தகப்பனார் சொல்லியிருக்கிறார்.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் உப்புவெளியைத் தாண்டினால் சாம்பல்தீவு. எங்கள் இளமைக் காலத்தில் அங்கே பாட்டுக்குப் பஞ்சமிருக்கவில்லை, பதிவுக்குத்தான் பஞ்சம். எழுபதுகளில் ஈழத்துப் பொப்பிசை பெருகியபோது, திருகோணமலைச் சகோதரர்களான பரமேஸ், கோணேஸ் இருவரின் பாடல்கள் இசைத்தட்டில் வந்ததே எங்கள் ஊர்களுக்குப் பெரிய செய்தி. அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டவில்லை. மற்றவர்கள் கோயில் மேடையில் பாடினார்கள், காற்றோடு போயிற்று.

ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிந்து பின்னர் இணைக்கும் முறை அப்போது வசதி படைத்தவர்களின் சொத்து. அமெரிக்கக் கிற்றார் கலைஞர் லெஸ் போலுக்காக அம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத் தடக் கருவியை 1957இல் செய்து கொடுத்தது. பீற்றில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டே நான்கு தடக் கருவிகளில்தான் பதிவாயிற்று. அவற்றை ஓரிடத்திலிருந்து நகர்த்தவே ஆட்கள் வேண்டும்.

அந்த நான்கு தடங்களையும் ஒரு மேசையில் வைத்தது டாஸ்காம் நிறுவனம் 1979இல் வெளியிட்ட 'போர்ட்டாஸ்ரூடியோ 144'. பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய சாதாரணக் கசெற்றையே அது பயன்படுத்தியது. வழக்கமான கசெற்றில் நாடாவின் ஒரு பாதி முதற்பக்கத்துக்கும் மறுபாதி இரண்டாம் பக்கத்துக்கும் உரியவை. 144 கருவியோ நான்கு தடங்களையும் ஒரே திசையில், இருமடங்கு வேகத்தில் பதிந்தது. விலை ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க டொலர். புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் 1982 சனவரியில் தம் வீட்டறையில் இதில்தான் மாதிரிக்காகச் சில பாடல்களைப் பதிந்தார். பின்னர் குழுவோடு பாடியது திருப்தி தராததால், அந்தக் கசெற்றே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வெளிவந்தது.

இனி என் கசெற். என்னோடு படித்தவன் ஒருவன் 1983க்குப் பின் ரொறன்ரோவுக்குப் போனான். வேலை முடிந்த இரவுகளில், நிலவறை வாடகை வீட்டில், இரவல் வாங்கிய நான்கு தடக் கருவியில் பாடிப் பதிந்து, மூலக் கசெற்றையே தாயாருக்கு அனுப்பிவிட்டான். நான்கையும் கலந்து சாதாரணக் கசெற்றுக்கு மாற்றி அனுப்பியிருக்க வேண்டும், அவனுக்குத் தெரியவில்லை. சாம்பல்தீவில் அதை வானொலிப் பெட்டியில் போட்டபோது குரல் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே, பேய் பேசுவதுபோல் கேட்டது. மறுபக்கம் பின்னிருந்து முன்னாக ஓடியது. மகனுக்கு ஏதோ வருத்தம் என்று எண்ணித் தாயார் அழுதார். சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே நோயுற்று அங்கேயே இறந்துபோனான். "நீ பேப்பர்க்காரன், கொழும்பில ஆரிட்டையாவது குடுத்து இதைச் சரிபண்ணித் தா மோனை" என்று அவர் என்னிடம் தந்தார். இரண்டு இடங்களில் விசாரித்தேன். பிறகு லாச்சியில் போட்டேன். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அவரைக் கொண்டுபோயிற்று.

தம்பிக்கு நான் சொன்ன யோசனைகள் இந்தக் குற்றவுணர்விலிருந்து பிறந்தவையே. முதலாவது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் தட எண்ணிக்கையை நம்பாதே. ஒரே நேரத்தில் எத்தனை தடங்களில் பதியும் என்று பார். டாஸ்காம் டிபி-008, சூம் ஆர்8 ஆகியவை எட்டுத் தடக் கருவிகள்; ஆயினும் ஒரு வேளையில் இரண்டில்தான் பதியும். சூம் ஆர்16 எட்டில் பதியும். நால்வருக்கு அது தேவையில்லை. கிற்றாரையும் டோலக்கையும் ஒன்றாக உட்கார்த்தி இரு தடங்களில் பதிந்து, பின்பு காதொலிப்பான் போட்டுக்கொண்டு குரல்களைச் சேர்க்கலாம். டோலக்கைத் தனியே பதிந்தால் உயிர் போய்விடும் என்பது என் அபிப்பிராயம். இத்தகைய கருவி பழையதாகக் கிடைத்தாலும் போதும். ஐபோன் வைத்திருப்பவன் குழுவில் இருந்தால் கராஜ்பாண்ட் செயலியிலேயே பழகலாம். ஒரு காசும் வேண்டாம்.

இரண்டாவது, கடையில் வாங்கும் சாதாரணப் பற்றரியில் இயங்க வேண்டும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. நம் ஊரில் இது சின்ன விடயமல்ல.

மூன்றாவதுதான் முக்கியம். பதிந்ததை வேறொருவர் திறக்க முடிய வேண்டும். யமஹா 1996இல் விற்ற எம்டி4 கருவிக்குத் தனி வகை மினிடிஸ்க் தேவைப்பட்டது; இன்று அந்தத் தட்டைத் தேடி அலைய வேண்டும். எஸ்டி அட்டையில் வேவ் கோப்பாகச் சேமிக்கும் கருவியையே வாங்கு என்றேன்.

அவன் கசெற்றைக் கேட்டான். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, நேரில் கொண்டுபோனேன். பழைய கசெற் பெட்டி ஒன்றிலிருந்து இரு பக்கங்களையும் கணினிக்கு ஏற்றினான். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினான். வேகத்தை இருமடங்காக்கினான். நாடா இழுபட்டிருந்ததால் நான்கு தடங்களையும் ஒட்டவைக்க ஒரு மாலைப்பொழுது சென்றது. ஒலி மங்கல்தான்.

முதலிரு தடங்களில் கிற்றாரும் குரலும். இத்தனை காலம் தலைகீழாகவே கேட்ட மூன்றாம் தடத்தில், பாட்டுத் தொடங்குமுன் அவன் பேசுகிறான். தனக்குச் சுகம் என்கிறான். குளிர்தானாம் தாங்க முடியவில்லை. கிணற்றடித் தென்னை காய்த்துவிட்டதா என்று அம்மாவிடம் கேட்கிறான். பிறகு தொண்டையைச் செருமிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறான்.