கூன் விழுந்த முதுகும் ரண சிகிச்சையும்

மலாயாவில் 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் மக்களை மாய்த்த நோய்களுள் முதன்மையானது காசநோய். நாடு தழுவிய தடுப்புத் திட்டம் 1961-இல்தான் பிறந்தது. அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்ட லயங்களில் காசம் என்றதும் இருமலையே நினைப்பர். அது முதுகெலும்பையும் அரிக்கும். அரித்த எலும்பு சரிந்து கூன் விழும். சீழும் எலும்புத் துணுக்கும் தண்டுவடத்தை நெருக்க, கால்கள் விளங்காமற் போகும்.

இதனை லண்டன் ரண வைத்தியர் பெர்சிவல் பாட் 1779-இல் விரித்தெழுதினார். நோயோ மிகப் பழையது. பண்டை எகிப்தின் ஆமோன் கோயில் பூசாரியொருவரின் பதனிட்ட உடலிலும் இக்கூன் காணப்பட்டது.

நெருக்கத்தை நீக்க எவ்வழியே புகுவது? முதுகைப் பிளந்து எலும்பு வளைவை எடுத்துவிடுவது எளிது. ஆயின் நோய் இருப்பது முன்புறத்தில். முன்சுவர் இடிந்த வீட்டில் பின்சுவரையும் பெயர்த்தால் வீடு நிற்குமா? பலருக்குக் கூன் மிகுந்ததே கண்ட பலன்.

பிரான்சில் மெனார் 1894-இல் விலா எலும்பின் அடியை வெட்டிப் பக்கவாட்டில் சீழை வடித்தார். தொடக்கத்தில் நம்பிக்கை பிறந்தது. பின்னர்ப் புண் புரையோடி நோயாளிகள் மடியவே, அம்முறை கைவிடப்பட்டது. கிருமியைக் கொல்லும் மருந்தில்லாக் காலம் அது! ஸ்ட்ரெப்டோமைசின் 1944-இலும் ஐசோநயாசிட் 1952-இலும் வந்தபின்னரே கத்திக்குக் காவல் கிடைத்தது. 1956-இல் ஹாங்காங்கின் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் முன்வழியே புகுந்து, அழுகிய எலும்பை அகற்றி, ஒட்டெலும்பு பொருத்தும் முறையை வெளியிட்டனர்.

நேர்த்தியான முறைதான். ஆனால் நோயாளி யார்? சோகை பிடித்து, நுரையீரலும் கெட்டு, எலும்புந்தோலுமாய்க் கிடப்பவர். நெஞ்சைத் திறந்தால் தாங்குவாரா? இத்தகையோர்க்கு நுரையீரல் உறையைத் திறவாத பக்கவழியே பொருத்தம் என்போர் உளர். காசியில் எஸ். எம். துலி 1975-இல் 'நடுவழி' ஒன்றை எழுதினார்: முதலில் மருந்தும் ஓய்வும், முடக்கம் தணியாவிடில் அல்லது முற்றினால் கத்தி. மெலிந்தவர் தேறுவதற்கும் அதில் அவகாசம் உண்டு.

சென்னையின் பங்கு தனித்துச் சொல்லத் தக்கது. 1956-இல் அங்கு அமைந்த காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்து மருந்துண்பது சானடோரிய வாசத்திற்குக் குறைந்ததன்று என 1959-இல் காட்டியது. பின்னர் முதுகெலும்புக் காசத்தையும் ஆய்ந்தது. கால் முடங்காதவர்களே அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பத்தாண்டுத் தொடர்ச்சியின் முடிவு 1999-இல் வெளியாயிற்று. பெரிய அறுவையுடன் ஆறு மாத மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 90 பேர் நன்னிலையில் இருந்தனர். நடமாடியவாறே ஆறு மாதம் மருந்துண்டோருள் 94. ஒன்பது மாதம் உண்டோருள் 99. கத்தி தேவையற்றது என்று இதற்குப் பொருளில்லை. மருந்து மட்டும் உண்டவர்களுள் சிலருக்குப் பிற்பாடு அறுவை வேண்டியதாயிற்று. கால் முடங்கி வருவோர் கதையும் வேறு.

அவர்களுக்கு இன்று ஒதுக்கப்பட்ட பின்வழியே மீண்டும் பயன்படுகிறது. உலோகத் திருகுகளால் முதுகை நிறுத்திக்கொண்டு, அவ்வழியிலிருந்தே பக்கவாட்டில் சென்று சீழை எடுக்கின்றனர். நெஞ்சைத் திறக்கவேண்டிய நிலை பலருக்கு வருவதில்லை.