மல்லேஸ்வரம்: ஒரு விஸ்தரிப்பின் வரலாறு

வேகமாக முன்னேறும் நாட்டில் அரசாங்கம் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்ற கேள்வி ஐந்தாண்டுத் திட்டங்களோடு பிறந்ததன்று. மைசூர் சமஸ்தானத்தில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. அன்று அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று பெங்களூரின் வடமேற்கிலுள்ள மல்லேஸ்வரம். வெளியூரில் வாழும் தமிழரிடம் அப்பெயரைச் சொன்னால் கோயிலும் பூக்கடையும் காப்பிக்கடையும் நினைவுக்கு வரும். அது சர்க்கார் உத்தரவினால் வயல்வெளியில் எழுந்த ஊர் என்பதைச் சிலரே கருதியிருப்பர்.

ஊரின் பெயர் மட்டும் பழமையானது. காடு மல்லேஸ்வரர் ஆலயத்தைச் சார்ந்த 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, மல்லபுரத்து ஈசுவரனுக்கு ஒரு கிராமத்தை மானியமாக விட்ட செய்தியைக் கூறுகிறது. விட்டவர் வெங்கோஜி, சத்ரபதி சிவாஜியின் தம்பி. சில ஆண்டுகளில் தஞ்சையைக் கைப்பற்றி அங்கே மராத்திய அரசை நிறுவியவரும் அவரே. தஞ்சை மாவட்டத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய அன்பர்கள், தம் ஊரை ஆண்டவரின் பெயரை இங்கே ஒரு கல்லில் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெங்களூர் என்பது உண்மையில் இரண்டு ஊர்கள். ஒன்று நெருக்கமான பழைய பேட்டை. மகாராஜாவின் ஆட்சிக்கு உட்பட்டது. மற்றொன்று 1809இல் ஆங்கிலேயர் அமைத்த இராணுவக் குடியிருப்பு. நம்மவர் அதனைத் 'தண்டு' என்று அழைத்தனர். சென்னைப் படையோடும், அதன் பின்னால் வந்த வியாபாரத்தோடும் குடியேறிய தமிழர்கள் அலசூரிலும் அதைச் சுற்றிலும் நிறைந்தனர். இரண்டுக்கும் நிர்வாகம் வேறு, நகரசபை வேறு. இந்நிலை 1949இல் இரண்டும் இணைந்து ஒரே மாநகராட்சியாகும் வரை நீடித்தது.

முதலில் வந்த பேரிடி நோயன்று, பஞ்சம். 1871இல் சுமார் 50 லட்சமாக இருந்த சமஸ்தானத்தின் ஜனத்தொகை, 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்துக்குப் பின் 1881இல் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. நீரைத் தேக்கிவைக்காத நாடு எவ்வளவு எளிதில் சாகும் என்பதை அரசாங்கம் அப்போது கண்ணால் கண்டது. மல்லேஸ்வரத்தை ஒட்டியுள்ள சாங்கி ஏரி 1882இல் வெட்டப்பட்டது. நகரத்தின் நீர்த்தேவைக்காக அதனை அமைத்தவர் கர்னல் ரிச்சர்டு சாங்கி என்ற பொறியாளர்.

1881இல் ஆங்கிலேயர் ஆட்சியை மீண்டும் உடையார் வம்சத்திடம் ஒப்படைத்தபோது திவானாக இருந்தவர் செங்கற்பட்டுப் பக்கத்தவரான ரங்காசார்லு. அவருக்குப் பின் 1883இல் அப்பதவிக்கு வந்தவர் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த சேஷாத்ரி ஐயர். பதினெட்டு ஆண்டுகள் அவர் திவானாக இருந்தார். வரவு செலவைக் கண்டிப்பாகப் பார்க்கும் கணக்கர் அவர். ஆயினும் பெரிய வேலைகளுக்குப் பணம் போடத் தயங்காதவர். அவ்விரண்டு குணமும் ஒருவரிடம் சேர்வது அரிது என்பது என் அபிப்பிராயம். அர்க்காவதி ஆற்றின் மீதுள்ள ஹெசரகட்டா ஏரியிலிருந்து, நீராவி யந்திரங்களால் தண்ணீரை இறைத்துக் குழாய் வழியே பெங்களூருக்குக் கொண்டுவரும் வேலை அவர் காலத்தில் 1894இல் தொடங்கி, 1896இல் பயன் தந்தது. குழாய்த் தண்ணீர் வந்து சேர்ந்த இடம் மல்லேஸ்வரத்தின் மேட்டு நிலமாகும். பின்னர் ஜூவல் வடிகட்டி நிலையம் அமைந்ததும் அங்கேதான்.

தண்ணீர் வந்து இரண்டாண்டு ஆகும்போது பிளேக் வந்தது.

1898 ஆகஸ்டில், ஹூப்ளிப் பக்கமிருந்து ரயில் வழியாக அந்நோய் பெங்களூரை அடைந்தது. முன்னேற்றத்தின் சின்னமாகக் கொண்டாடப்பட்ட இருப்புப்பாதைதான் அதன் வழியாயிற்று. பேட்டையின் சந்துகளில் வீட்டோடு வீடு ஒட்டியிருந்தது. தானியக் கிடங்கும் படுக்கையறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இறந்தோர் ஆயிரக்கணக்கில். அஞ்சி ஓடியவர்கள் அவர்களினும் மிகப் பலர். 1891இல் பேட்டையும் தண்டும் சேர்ந்து 1,80,000க்குச் சற்று மேலாக இருந்த ஜனத்தொகை, 1901இல் 1,59,000 அளவுக்குக் குறைந்ததிலிருந்தே அந்தப் பீதியை நாம் உணரலாம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. நோயாளிகளைத் தனி முகாமுக்குக் கொண்டுசென்றனர், வீடுகளைச் சோதித்தனர், கூரைகளைப் பிரித்து வெயில் படச் செய்தனர், சிலவற்றை இடித்தனர். இதே வகை நடவடிக்கைகளின் கடுமையால் புனாவில் 1897இல் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதை மைசூர் அதிகாரிகள் அறிந்திருந்தார்கள். பிளேக் கமிஷனராகப் பணிபுரிந்த வி. பி. மாதவராவ் கும்பகோணத்தவர், பின்னாளில் திவானும் ஆனார். ஜனங்களோ முகாமைவிட மாரியம்மனையே அதிகம் நம்பினார்கள். பெங்களூரிலும் நம் கோயம்புத்தூரிலும் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரோடு கோயில்கள் இருப்பது இதற்குச் சான்று.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நோயைப் பரப்புவது எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி என்று சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதே 1898இல் கராச்சியில் கண்டறிந்தார். ஆனால் அது ஏற்றுக்கொள்ளப்படப் பல ஆண்டுகள் சென்றன. ஆகவே, மல்லேஸ்வரத்தைத் திட்டமிட்டோர் நம்பியது வேறொரு கொள்கையை. அசுத்தக் காற்றும் நெருக்கமும் நோய்க்குக் காரணம். அகன்ற தெருவும் வெளிச்சமும் அதற்கு மருந்து என்று அவர்கள் கருதினர். காரணம் பிழை, விளைவு நன்று. எலிக்கு இடமில்லாத வீட்டில் தெள்ளுக்கும் இடமில்லை.

மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய விஸ்தரிப்புகளின் யோசனை பிளேக்குக்கு முன்பே இருந்தது. நோய் அதனை வேகப்படுத்தியது. நேர்நேரான பெரிய வீதிகளும் அவற்றை வெட்டிச்செல்லும் குறுக்குத் தெருக்களும் வகுக்கப்பட்டன. மெயின், கிராஸ் என்று அவற்றை எண்ணி வழங்கும் வழக்கம் இன்றுமுண்டு. மரத்தின் பெயர் கொண்ட வீதிகளும் உள. சம்பிகே ரஸ்தா என்பது நம் செண்பகம். மார்கோசா ரஸ்தா என்பது வேம்பு. ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் வெற்றிடம் விட வேண்டுமென்பது விதி. தண்ணீர்க் குழாய், சாலை, வடிகால் ஆகியவற்றின் ஏற்பாடு முன்னால், மனிதர் பின்னால். இவ்வொழுங்குமுறையே மல்லேஸ்வரத்தின் தனிச் சிறப்பு என்று நான் கருதுகிறேன். அகலமான தெருவைக் கண்டு வியப்போர் பலர்; அத்தெரு எந்த வரிசையில் வந்தது என்பதை எண்ணுவோர் குறைவு.

அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. வீடுகளின் பின்புறத்தில் ஒரு குறுகிய சந்து ஓடும். இரவு மலத்தை எடுத்துச் செல்வோர் முன்வாசல் வழியே வராதிருக்க அமைக்கப்பட்ட வழி அது. சுகாதாரத் திட்டத்திலேயே தீண்டாமையும் ஓர் அளவுகோலாக வரையப்பட்டிருந்தது. மனைப் பகுதிகள் சாதிவாரியாக ஒதுக்கப்பட்டமையும் வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ள உண்மை. மனை வாங்க வசதியுள்ளோர் பேட்டையை விட்டு வெளியேறினர். வசதியற்றோர் பேட்டையிலேயே தங்கினர். பிளேக்கும் அடுத்த பல ஆண்டுகள் அவர்களிடமே திரும்பித் திரும்பி வந்தது. அந்தச் சந்துகளைச் சீர்படுத்தி, நடைவழியாக்கும் முயற்சி அண்மை ஆண்டுகளில் நடந்திருக்கிறது. அவை எதற்காக ஏற்பட்டன என்பதை இன்று அவற்றில் நடப்போருக்கு யாரேனும் சொல்லவேண்டும்.

மின்சாரத்தின் கதையும் இதனை ஒத்ததே. சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் 92 மைல் கம்பி வழியே முதலில் சென்றது கோலார் தங்கவயலுக்கு. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905இல். சுரங்கம் விலை கொடுத்து வாங்கியது. அந்த வருமானமே மேற்கொண்டு செய்யும் வேலைகளுக்கு மூலதனமாயிற்று. பொருளாதார நியாயம் இதில் உண்டு. ஆயினும் அச்சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கியோர் பெரும்பாலும் வட ஆர்க்காடு முதலிய இடங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் என்பதையும், 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்கள் வழித்தோன்றல்கள் பலர் வேலையிழந்து நின்றார்கள் என்பதையும் கணக்கின் மற்றொரு பத்தியில் எழுதத்தான் வேண்டும். சேஷாத்ரி ஐயர் அந்த விளக்கைக் காணவில்லை, 1901இல் காலமானார். அருகிலுள்ள சேஷாத்ரிபுரம் அவர் பெயர் தாங்கியது.

அவருக்குப் புகழ் மட்டும் சேர்ந்ததென்று எண்ணற்க. உயர் பதவிகளைச் சென்னை மாகாணத்தவரே நிரப்புகிறார்கள், மண்ணின் மக்களுக்கு இடமில்லை என்ற மனக்குறை அக்காலத்திலேயே மைசூரில் வலுத்தது. பிறமாநிலத்தில் வாழும் நமக்கு அக்குரல் புதிதன்று. அதில் நியாயமும் இருந்தது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் பெருக்காமல் வெளியிலிருந்து ஆள் கொணர்வது வேகத்துக்கு ஏற்ற வழி; நாளடைவில் அது பகையை விதைக்கும். 1912இல் மைசூரில் பிறந்த விசுவேசுவரய்யா திவானானதை மக்கள் உவந்ததற்கு அவர் திறமையோடு இதுவும் ஒரு காரணம்.

மத்திய சர்க்காரில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்ப்பவன் ஆதலால் ஒரு சொல்லைப் பற்றி இங்கே இடைச்செருகலாகச் சொல்ல விரும்புகிறேன். கன்னடத்தில் இன்றும் சர்க்கார்க் காகிதங்களில் வழங்கும் சொல் 'அபிவிருத்தி'. இலங்கைத் தமிழரும் அதையே ஆளுகிறார்கள். தமிழ்நாட்டில் அது பின்தங்கி 'வளர்ச்சி' முன்வந்தது. விருத்தி என்றாலும் வளர்ச்சி என்றாலும் பெருகுவது என்பதே பொருள். ஒன்றற்குப் பின் ஒன்று என்ற வரிசை இரண்டு சொல்லிலும் இல்லை.

அந்த வரிசை இருபதாம் நூற்றாண்டில் மெல்லத் தலைகீழாயிற்று. 1909இல் நிறுவப்பட்ட இந்திய விஞ்ஞானக் கழகம் மல்லேஸ்வரத்தின் எல்லையில் எழுந்தது. 1933இல் அதன் இயக்குநராக வந்த ஸர் சி. வி. ராமன் பின்னர் மல்லேஸ்வரத்திலேயே 'பஞ்சவடி' என்னும் இல்லத்தை வாங்கினார். ஆலைகள் வந்தன, யுத்தம் வந்தது, சுதந்திரத்துக்குப் பின் பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலைகள் வந்தன. 1941இல் 4 லட்சமாக இருந்த ஜனத்தொகை பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய 8 லட்சத்தை எட்டியது. 2011இல் மாநகர எல்லைக்குள் மட்டும் 84 லட்சம் பேர். ஹெசரகட்டா 1920களின் வறட்சியிலேயே கைவிட்டது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி அணை வந்தது, அதுவும் போதவில்லை. 1974 முதல் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காவிரியிலிருந்து தண்ணீரை மூன்று கட்டங்களில் மேலே ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். புதிய நீர் வந்தது என்ற செய்தியே மேலும் பலரை அழைத்து வந்தது. பின்னர் அந்நீரும் குறைந்தது.

காவிரி என்றதும் தமிழர் மனம் துணுக்குறும். 1892ஆம் ஆண்டில் மைசூருக்கும் சென்னைக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் இதே சேஷாத்ரி ஐயர் காலத்தது என்பதைப் பலர் அறியார். 1924இல் இரண்டாவது ஒப்பந்தம். 2007இல் நடுவர் மன்றத் தீர்ப்பு. நகரத்தின் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகையில் உள்ளது என்று அம்மன்றம் கணக்கிட்டது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குடிநீருக்கு அத்தகைய எல்லை பொருந்தாதென்று கருதிப் பெங்களூருக்கு மேலும் 4.75 டி.எம்.சி. வழங்கியது. இவ்விரண்டு தேதிகளுக்கும் முன்னே, 1991 டிசம்பரில், இந்நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. குழாயில் தண்ணீர் பிடிக்கும் தமிழரும் கன்னடரும் ஒரே நீரைத்தான் குடிக்கிறோம். தகராறு மூளும்போது அது மறந்துபோகிறது.

காவிரிக்குப் போகாத மற்ற இரண்டு பங்கு நிலத்தின் நீர் எங்கே போகிறது? பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது. மேற்குச் சரிவின் கழிவு விருஷபாவதி வழியே அர்க்காவதிக்கும் காவிரிக்கும் செல்லும். கிழக்குச் சரிவின் கழிவு தட்சிண பினாகினியில் விழும். அதுவே நம் தென்பெண்ணை. ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அங்கே பாசனம் செய்யும் உழவர், மேட்டில் நடந்த அபிவிருத்தியின் மிச்சத்தை வாய்க்காலில் பெறுகிறார்கள்.

சிங்கப்பூரும் அண்டை நாடான மலேசியாவின் ஜோகூரிலிருந்து நீர் வாங்கும் நகரந்தான். 1962இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 2061இல் முடிவடையும் என்பதை மனத்திற்கொண்டு, கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டை அது 2003இலேயே தொடங்கிவிட்டது. பெங்களூரிலும் 2018 முதல் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் ஏரிகளுக்கு இறைக்கப்படுகிறது. நன்கு சுத்தமாகிறதா என்ற விவாதம் அங்குள்ளோரிடம் எழுந்தது.

2007இல் மாநகராட்சி விரிந்தபோது சுற்றியிருந்த 110 கிராமங்கள் அதனுள் சேர்க்கப்பட்டன. அங்கே அடுக்குமாடிகள் எழுந்தன; ஜனங்கள் குடியேறினர்; ஆழ்குழாய்க் கிணறுகளும் தண்ணீர் லாரிகளும் அவர்களுக்கு நீர் கொடுத்தன. 2024 கோடையில் அக்கிணறுகள் பல வற்றின. காவிரி நீரை அக்கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் ஐந்தாம் கட்டம் அவ்வாண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. கிராமங்கள் நகரமாகிப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.